பிரித்துக் கோக்கத் தக்க வீடு
இங்கிலாந்தின் பழைய மரச்சட்டப் பண்ணை வீடுகள்

இங்கிலாந்தின் தென்கிழக்கில் உள்ள கெண்ட் மாவட்டத்தில், சிடிங்ஸ்டன் கிராமத்தை அடுத்த பள்ளத்தாக்கு ஒன்றில் 1960-களின் பிற்பகுதியில் நீர்த்தேக்கம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் பொருட்டு அகற்றப்பட வேண்டியிருந்த கட்டடங்களுள் பேலீஃப் என்னும் பண்ணை வீடும் ஒன்று. ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருந்த அவ்வீட்டை இடித்துத் தள்ளவில்லை. 1968-69-இல் அதனைக் கட்டை கட்டையாகப் பிரித்தெடுத்துச் சென்று, சஸ்ஸெக்ஸ் பகுதியில் சிங்கிள்டன் என்னும் ஊரிலுள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மீண்டும் எழுப்பினர். இது எவ்வாறு இயன்றது என்பதை அறிய வேண்டுமாயின், இவ்வகை வீடு முதலில் எவ்வாறு கட்டப்பட்டது என்பதை நோக்க வேண்டும்.

நமக்குப் பழக்கமான செங்கல் வீட்டில் சுவரே கூரையைத் தாங்குகிறது. மரச்சட்ட வீட்டில் சுவருக்கு அப்பொறுப்பு இல்லை. தாழ்ந்த கல் அடித்தளத்தின் மேல் அடிக்கட்டைகளைக் கிடத்தி, அவற்றின்மீது தூண்களை நாட்டி, தூண்களின் தலைகளை நீளவாட்டில் மேல்கட்டையாலும் குறுக்கில் விட்டத்தாலும் பிணைப்பர். சட்டம் பக்கவாட்டில் சாயாதபடி மூலைகளில் வளைந்த சாய்வுக் கட்டைகள் அமையும். கூரையின் பாரம் முழுவதும் இச்சட்டத்தின் வழியாகவே நிலத்தை அடைகிறது. சுவர் என்பது சட்டத்தின் இடைவெளியை அடைக்கும் திரையே ஆகும்.

இதற்குப் பெரும்பாலும் பயன்பட்டது ஓக் மரம். அதனை உலர வைத்துப் பதப்படுத்திய பின்னரே தச்சர்கள் கையாண்டனர் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு மாறானது. வெட்டிய சில மாதங்களுக்குள், ஈரம் வற்றாத நிலையிலேயே அதனைச் செதுக்கினர். ஏனெனில் நன்கு உலர்ந்த ஓக் மரத்தில் உளி எளிதில் இறங்காது. உலரும்போது மரம் குறுக்குவாட்டில் சுருங்குமேயன்றி, நீளவாட்டில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை. ஆகவே கட்டைகள் முறுக்கிக்கொண்டு தளம் அலை போலாயினும், வீட்டின் உயரமும் நீளமும் அநேகமாக மாறுவதில்லை.

பொருத்துகளே இக்கலையின் உயிர்நிலை. ஒரு கட்டையின் நுனியில் செதுக்கிய கழுந்து, மற்றொரு கட்டையின் துளையில் நுழையும். இரண்டின் ஊடேயும் துறப்பணத்தால் துளையிட்டு, மரமுளை அடிப்பர். கழுந்திலுள்ள துளையை இம்மியளவு விலக்கி இடுவதே தச்சரின் நுட்பம். முளை இறங்கும்போது அது கழுந்தை உள்ளே இழுத்து இறுக்குகிறது. தூணை அமைப்பதிலும் ஓர் உபாயம் உண்டு. மரத்தின் பருத்த வேர்ப்பக்கம் மேலே இருக்குமாறு அதனைத் தலைகீழாக நிறுத்துவர். மேல்கட்டை, விட்டம் ஆகிய இரண்டும் வந்து சேரும் இடத்திற்கு வேண்டிய அகலம் அதனால் கிடைக்கிறது. இச்சட்டத்தில் இரும்பாணிக்கு ஏறக்குறைய வேலையே இல்லை.

சட்டம் முழுவதையும் முதலில் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்ப்பர். பின்னர் ஒவ்வொரு பொருத்திலும் உளியால் அடையாள எண்ணைக் கீறிப் பிரித்து, வண்டியிலேற்றி, வீடு அமையும் இடத்தில் கோத்து நிமிர்த்துவர். நேர்கோடுகளாலான ரோமானிய எண்கள் இதற்கு வசதியாயிருந்தன. நான்கு என்பதற்கு நான்கு கோடுகளையே இட்டனர். எனவே பேலீஃப் 1968-இல் பிரிக்கப்பட்டது அதற்கு நேர்ந்த முதற் பிரிவினை அன்று என்றே சொல்லலாம்.

இடைவெளிகளில் ஓக் குச்சிகளை நிறுத்தி, அவற்றினூடே மெல்லிய மிலாறுகளைப் படல் போலப் பின்னி, களிமண், வைக்கோல், சாணம் ஆகியவற்றைக் குழைத்து இருபுறமும் அப்பி, மேலே சுண்ணாம்புக் காரை பூசுவர். பேலீஃப் வீட்டின் நடுவே கூரை வரை திறந்த உயரமான கூடம் உள்ளது. அதன் தரையிலேயே அடுப்பு எரிந்தது. புகைபோக்கி கிடையாது, புகை கூரையின் இடுக்குகள் வழியே வெளியேறிற்று. இவ்வகை வீடுகளில் இன்றும் கைமரங்களில் கரி படிந்திருப்பதைக் கொண்டே அக்கூடம் முன்பு திறந்திருந்தது என்பதை அறிகின்றனர். சன்னல்களுக்குக் கண்ணாடி இல்லை. மரக் கம்பிகளும் அடைப்புப் பலகைகளுமே இருந்தன. கூடத்தின் இருபுறமும் மேல்மாடி அறைகள் முன்னே நீண்டு நிற்க, ஒரே கூரை அனைத்தையும் மூடுகிறது.

மரத்தின் ஆண்டு வளையங்களைப் பிற மரங்களின் வளையங்களோடு ஒப்பிட்டு அது வெட்டப்பட்ட காலத்தைக் கணிக்கலாம். பச்சை மரத்தைப் பயன்படுத்தியதால், மரம் வெட்டிய காலமே ஏறக்குறைய வீடு கட்டிய காலமும் ஆகிறது. இவ்வாறு ஆராய்ந்ததில், பேலீஃபின் கூடம் 15-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியையும், அதன் ஒரு பக்கத்து அறைகள் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்தவை எனத் தெரிகிறது.

பழைய வீடுகளில் வெற்றுத் துளைகளுள்ள கட்டைகளைக் காண்போர், அவை உடைந்த கப்பல்களிலிருந்து வந்தவை என்று கதை சொல்வதுண்டு. கடலுக்கு வெகு தொலைவிலுள்ள வீடுகளுக்கும் இதே கதைதான். அத்துளை பெரும்பாலும் அங்கிருந்து நீக்கப்பட்ட ஒரு தடுப்பையோ கதவையோ காட்டுகிறது. சிலபோது கட்டை வேறொரு வீட்டிலிருந்து வந்திருக்கும். ஆராய்ச்சியாளருக்கு அத்துளை எழுதிய ஏட்டுக்கு நிகரானது. பேலீஃபில் மறைந்துபோன பகுதிகளைத் திரும்ப அமைத்ததும் இத்தகைய சான்றுகளைக் கொண்டே.

இவ்வீடுகளுக்குப் பெருந்தீங்கு, பழுது பார்க்க வந்தவர்களாலேயே நேர்ந்தது. 20-ஆம் நூற்றாண்டில் மண்ணும் சுண்ணாம்பும் பலவீனமானவை எனக் கருதிப் பல வீடுகளில் சிமெண்டு பூசினர். மரம் பருவத்திற்கேற்ப விரிந்து சுருங்கும். சிமெண்டு அதற்கு இசையாது. இரண்டிற்கும் இடையே மயிரிழைப் பிளவு உண்டாக, மழைநீர் அதன் வழியே உள்ளே இறங்குகிறது. சுண்ணாம்புக் காரையாயின் அந்நீர் ஆவியாக வெளியேறியிருக்கும். சிமெண்டு அதைச் சிறைப்படுத்துகிறது. ஈரம் தங்கிய இடத்தில் பூஞ்சணம் பற்றி மரம் நெகிழ்கிறது. அவ்வாறு நெகிழ்ந்த ஓக் மரத்தையே ஒருவகைத் துளைக்கும் வண்டு நாடுகிறது. முதலில் அழிவது அடிக்கட்டையும் தூணின் அடியுமே. வெளியே பூச்சு புதிதாய்த் தோன்ற, உள்ளே தூண் மாவாகியிருக்கும்.

இப்போது பொறுப்புடன் பழுது பார்ப்போர் முதலில் சிமெண்டை நீக்கி மரத்தை உலர விடுகின்றனர். உளுத்த பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, அதே வடிவில் புதிய ஓக் துண்டைச் சாய்வாக ஒட்டு வெட்டிச் சேர்த்து, மரமுளையால் இறுக்குகின்றனர். வெளிறிய பழைய மரத்தினடியில் புதுத் துண்டு சில ஆண்டுகள் மஞ்சளாகத் தெரியும். அதற்குச் சாயம் பூசி மறைப்பதில்லை.