மீனுக்கு வெந்நீர்... எனக்குப் பச்சைத் தண்ணி!

குன்னூர் குளிரில் இருபத்து நாலு மணி நேரமும் வெதுவெதுப்பான தண்ணீரில் கிடப்பவர் எங்கள் வீட்டில் ஒருத்தர்தான். பெயர் ஜாக் டெம்ப்ஸி. 1919-லிருந்து 1926 வரை ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் உலக சாம்பியனாக இருந்தவரின் பெயர். நான் வைத்ததில்லை சார்... முறைக்கிற மூஞ்சியையும் முட்டுகிற குணத்தையும் பார்த்து உலகமே இந்த மீனை அப்படித்தான் கூப்பிடுகிறது. பூர்வீகம் மெக்ஸிகோ, ஹோண்டுராஸ் பக்கம்.

சென்னை கொளத்தூரில் கட்டைவிரல் சைஸில் வாங்கினேன். "கோல்டு ஃபிஷ்ஷோட விடலாமா?" என்றதற்கு, "தாராளமா சார்!" என்றார் கடைக்காரர். ஆறே மாதத்தில் கோல்டு ஃபிஷ் நாலும் காலி! இப்போது எட்டு அங்குலம். நாலடித் தொட்டி, 250 லிட்டர் தண்ணீர். அதில் தனிக்குடித்தனம்.

தண்ணீர் 25, 26 டிகிரியில் இருக்கணும். வெள்ளைக்காரர்கள் அவலாஞ்சியில் கொண்டுவந்து விட்ட ட்ரவுட்டுக்கு நீலகிரிக் குளிர் சொர்க்கம், இவருக்கு எமன். அதனால் ராப்பகலாக ஹீட்டர். "மனுஷங்களுக்கு இல்லாத ஹீட்டர் மீனுக்கா?" - இது என் சகதர்மிணி.

போன டிசம்பரில் ஒரு ராத்திரி, எங்கேயோ மரம் சாய்ந்து, பதினோரு மணிக்குக் கரன்ட் அவுட். ஒரு மணிக்கு தெர்மாமீட்டரில் 24. மூணு மணிக்கு 22. டெம்ப்ஸி நிறம் மங்கி அடியில் ஒதுங்கிவிட்டார். செவுள் மட்டும் அசைகிறது.

வெந்நீரை நேராக ஊற்றக் கூடாது, திடீர்ச் சூடும் ஆபத்து. பாட்டில்களில் அடைத்து, மூடியை இறுக்கி மிதக்கவிட்டேன். தொட்டியைச் சுற்றி என் கம்பளி. பின்னாலிருந்து இன்னொரு கம்பளி வந்து விழுந்தது. அவளுடையது!

"முறைக்கக்கூட மாட்டேங்குதே... பாட்டிலைக் குடுங்க, நான் மாத்தறேன்."

ஆறரை மணிக்குக் கரன்ட் வந்தபோது 20. சின்னத் தொட்டியாக இருந்தால் எப்போதோ ஆறிப்போயிருக்கும்.

ஆபீஸில் ஒரு நண்பர், "எதுக்கு சார் தொல்லை? ஊட்டி ஏரியில விட்டுடுங்க" என்றார். அந்தத் தப்பு மட்டும் கூடாது. 1952-ல் சாப்பாட்டுக்காக இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்கத் திலேப்பியா, குளம் குளமாகப் பரவி நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஏரியில் டெம்ப்ஸி விறைத்துச் செத்தால் அவருக்குக் கஷ்டம். பிழைத்தால் மற்ற மீன்களுக்குக் கஷ்டம்!

மூணாம் நாள் சாயந்திரம் தொட்டி அருகே குனிந்தேன். 'டொக்!' என் மூக்குக்கு நேராகக் கண்ணாடியில் ஒரு முட்டு.

சமையலறையிலிருந்து குரல் வந்தது: "ஆளு தேறிட்டாரா? அப்ப என் கம்பளியைத் தரச் சொல்லுங்க!"