ஜெனரேட்டருக்கும் தேவை கட்டுப்பாடு!

2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்த பின்னர், காவிரிப் படுகையின் பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்பப் பல நாள்கள் ஆயின. தண்ணீர்த் தொட்டியை நிரப்பவும் கைப்பேசிக்கு மின்னேற்றவும் ஜெனரேட்டர்களே கைகொடுத்தன. ஒவ்வொரு புயலின்போதும் ஜெனரேட்டரைத் தேடி அலையும் நாம், அது வீட்டு மின்னமைப்புடன் எவ்வாறு இணைக்கப்படுகிறது என்பதைக் கவனிப்பதில்லை.

மின்மாற்றி ஒருவழிப் பாதை அன்று. 11,000 வோல்ட் மின்னழுத்தத்தை வீடுகளுக்கு ஏற்பக் குறைத்துத் தரும் அதே மின்மாற்றி, வீட்டிலிருந்து 230 வோல்ட் பின்னோக்கிச் சென்றால் அதைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்திவிடும். துணை மின்நிலையத்தில் மின்சாரம் நிறுத்தப்பட்டுள்ளது என்ற நம்பிக்கையில் கம்பத்தில் ஏறும் ஊழியர் மீது அது பாயக்கூடும். கம்பியை எர்த் செய்த பிறகே தொட வேண்டும் என்பது அவருக்கான விதி. ஆனால், அவரது உயிரைக் காக்கும் பொறுப்பு அவருடையது மட்டுமன்று.

"மெயின் சுவிட்சை அணைத்துவிட்டோமே, போதாதா?' என்று பலரும் கேட்கின்றனர். போதாது என்பதே மின்பொறியாளராக எனது பதில். இருட்டிலும் அவசரத்திலும் யாரேனும் அதை மீண்டும் போட்டுவிடலாம். மனித நினைவாற்றலை நம்பிப் பாதுகாப்பை அமைக்க முடியாது.

இதற்கான தீர்வு சேஞ்ச் ஓவர் சுவிட்ச். அதன் கைப்பிடி மின்வாரிய இணைப்பின் பக்கம் இருக்கும். அல்லது ஜெனரேட்டரின் பக்கம் இருக்கும். ஒருபோதும் இரண்டையும் இணைக்காது. ஒருமுனை இணைப்புக்கு ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் இருதுருவ சுவிட்சும், மும்முனை இணைப்புக்கு நான்கு துருவ சுவிட்சும் பொருத்துவதே நல்லது. இருபுறமும் பிளக் பொருத்திய வயரை வீட்டு சாக்கெட்டில் செருகும் வழக்கம் அறவே ஒழிய வேண்டும்.

அமெரிக்காவின் தேசிய மின்விதித் தொகுப்பும் இரு மின்மூலங்களும் தவறுதலாகக்கூட இணையாத ஏற்பாட்டைக் கோருகிறது. வீடுகளில் நிலையாக அமைக்கும் ஜெனரேட்டரை அவசரத்தில் நிறுத்துவதற்கான சாதனம் வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும் என்றும் 2020-ஆம் ஆண்டுப் பதிப்பு கூறுகிறது. தீ விபத்தின்போது வீட்டுக்குள் நுழையாமலேயே ஜெனரேட்டரை நிறுத்த இது உதவும்.

நம் நாட்டில், அரசு அறிவிக்கும் திறனுக்கு மேற்பட்ட ஜெனரேட்டர்கள் மின் ஆய்வாளரின் ஆய்வுக்கு உட்பட்டவை. வீடுகளுக்கு வாடகைக்கு வரும் சிறிய ஜெனரேட்டர்களோ யார் பார்வையிலும் படுவதில்லை. சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாத வீட்டின் மின்னமைப்பில் ஜெனரேட்டரை இணைக்க மாட்டோம் என வாடகைக்கு விடுவோரும் உரிமம் பெற்ற மின்பணியாளர்களும் உறுதியேற்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன்பே மின்வாரியம் இதுகுறித்து வீடுதோறும் எடுத்துரைக்க வேண்டும்.

நம் வீட்டுக்கு வெளிச்சம் தரக் கம்பத்தில் ஏறுபவர், நம் வீட்டு மின்சாரத்தாலேயே உயிரிழக்கக் கூடாது.