பீதுருதாலகாலவை விட உயரத்தில் தொடங்கும் நடை: கண்டியிலிருந்து இமயமலைக்குத் திட்டமிடுவோர் அறியவேண்டியவை

இலங்கையின் மிக உயர்ந்த இடம் பீதுருதாலகால மலையின் உச்சி. உயரம் 2,524 மீற்றர். எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடக்கப்போகிறவர்கள் விமானத்தில் வந்து இறங்கும் லுக்லா என்ற சிறிய ஊர் ஏறத்தாழ 2,860 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கண்டியிலிருந்து போகும் ஒருவர் நடையைத் தொடங்கும் முன்னரே, தன் நாட்டில் எங்கும் நின்றிருக்க முடியாத உயரத்தில் நிற்கிறார். அங்கிருந்து 5,364 மீற்றரில் உள்ள அடிவார முகாம் வரை இன்னும் 2,500 மீற்றர் ஏறவேண்டும்.

2016 மே 21ஆம் திகதி ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் இலங்கையரானார். அவருடன் போன ஜொஹான் பீரிஸ் அந்த முறை ஏறத்தாழ 8,400 மீற்றரில் திரும்பவேண்டியிருந்தது. 2018 மே மாதம் மீண்டும் போய் உச்சியைத் தொட்டார். இவர்களுக்குப் பிறகு இமயமலை இலங்கையர்களுக்கு எட்டாத இடமாகத் தோன்றுவதில்லை. ஹந்தானையிலும் நக்கிள்ஸ் பக்கமும் வாரஇறுதிகளில் நடக்கும் இளைஞர் குழுக்களிடம் பேசினால், யாராவது ஒருவர் அடிவார முகாமைப் பற்றிப் பேச்செடுக்காமல் இருக்கமாட்டார். உச்சி ஏறுவது வேறு, வழிகாட்டியுடன் அடிவாரம்வரை நடந்துபோவது வேறு. இரண்டாவதற்குக் கயிறும் கோடாரியும் தேவையில்லை. நல்ல கால்களும், போதுமான நாட்களும், ‘திரும்பு’ என்று சொன்னால் திரும்பும் மனதும் தேவை. கால்களைக் கண்டி தரும். மற்ற இரண்டையும் திட்டமிடும்போதே எடுத்துவைக்கவேண்டும்.

கால்களைப் பொறுத்தவரை கண்டிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பின்பக்கமே ஹந்தானை எழுகிறது. அங்குள்ள தேயிலை அருங்காட்சியகத்துக்கு அருகில் தொடங்கும் ‘பீக்கோ ட்ரெயில்’ நடைபாதை 22 பகுதிகளாக, 300 கிலோமீற்றருக்கும் அதிகமாக மலையகத்தைச் சுற்றிப்போகிறது. அதன் முதல் பகுதி கலஹாவில் முடியும். அடுத்தது 1867இல் ஜேம்ஸ் டெய்லர் வணிகத் தேயிலையைத் தொடங்கிய லூல்கந்துரைக்குப் போகும். தொடர்ந்து இரண்டு நாட்கள், முதுகில் எட்டு கிலோ பையுடன் இந்த இரண்டு பகுதிகளையும் நடந்து பார்த்தால், மூன்றாம் நாள் காலையில் உங்கள் முழங்கால் உண்மையைச் சொல்லிவிடும். இன்னும் கடினமாக வேண்டுமென்றால் நக்கிள்ஸ் இருக்கிறது. 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி அது. அங்குள்ள கொம்பானிய சிகரம் 1,906 மீற்றர். வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிச்சீட்டும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல் காட்டுக்குள் போகவேண்டாம். ஹட்டன் வழியாகச் சிவனொளிபாதமலை ஏறுவதும் நல்ல பயிற்சிதான். ஏறுவதை எல்லோரும் கணக்கிலெடுப்பார்கள். ஆனால் முழங்காலைப் பதம்பார்ப்பது, படிகளில் இறங்கி வரும் அந்த இரண்டாம் பாதி. புதிய சப்பாத்தையும் இங்கேயே நடந்து பழக்கிவிடுங்கள். நக்கிள்ஸில் அட்டைக்கடியும் சேர்ந்து கிடைக்கும். இமயத்தின் மேற்பகுதியில் அந்தத் தொல்லையாவது இல்லை.

இங்கேதான் ஒரு ஏமாற்றம் மறைந்திருக்கிறது. இந்தப் பயிற்சிகள் எல்லாம் காலையும் மூச்சையும் பலப்படுத்துமே தவிர, உயரத்துக்கு உடலைப் பழக்காது. கண்டி நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சிவனொளிபாதமலையின் உச்சியே 2,243 மீற்றர்தான். உயர நோய் பொதுவாக 2,500 மீற்றருக்கு மேல்தான் தலைகாட்டத் தொடங்கும். ஆக, இந்தத் தீவில் எங்கே ஏறினாலும் அதற்கான ஒத்திகை கிடைக்காது.

மேலே போகப்போகக் காற்றில் ஒக்சிசனின் பங்கு குறைவதில்லை. எல்லா உயரத்திலும் அது 21 வீதம்தான். குறைவது காற்றழுத்தம். நாம்சே பஜாரில் (3,440 மீற்றர்) அது கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. அடிவார முகாமில் பாதி. ஒவ்வொரு மூச்சிலும் பாதி ஒக்சிசன்தான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். உடல் இதற்கு ஈடுகொடுக்கும். மூச்சு வேகமாகும், இரத்தம் மாறும். ஆனால் அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். அந்த நாட்களைக் கொடுக்காவிட்டால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, சோர்வு என்று தொடங்கும். அதையும் பொருட்படுத்தாமல் ஏறினால் மூளையில் அல்லது நுரையீரலில் நீர் கோக்கலாம். இரண்டும் உயிரைப் பறிக்கக்கூடியவை. தினமும் ஓடுகிறவர், கிரிக்கெட் விளையாடுகிறவர், இருபத்தைந்து வயதுக்காரர் என்று அது ஆள் பார்ப்பதில்லை. சொல்லப்போனால், உடல்வலு உள்ள இளைஞர்கள் வேகமாக ஏறிவிடுவதால் சில வேளைகளில் அவர்களே முதலில் அகப்படுகிறார்கள்.

எவரெஸ்ட் பாதையில் பெரிச்சே என்ற இடத்தில் 278 நடைப்பயணிகளை வைத்துச் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 1976இல் ‘லான்செற்’ மருத்துவ இதழில் வெளியானது. அவர்களில் 53 வீதமானோருக்கு உயர நோயின் அறிகுறிகள் இருந்தன. கீழேயிருந்து நடந்து வந்தவர்களை விட லுக்லாவுக்கு விமானத்தில் வந்திறங்கியவர்களிடம் அது அதிகமாகக் காணப்பட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கடந்தும் நாம் பெரும்பாலும் விமானத்தில்தான் போகிறோம்.

ஆகவே ஒரு நிறுவனம் பயணத் திட்டத்தை அனுப்பினால், விலையைப் பார்க்கும் முன் இரவுகளைப் பாருங்கள். எந்த ஊரில், எத்தனை மீற்றரில், எத்தனை இரவு தூங்கப்போகிறீர்கள் என்பதுதான் திட்டம். 3,000 மீற்றருக்கு மேல், தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீற்றருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்கவேண்டும் என்பது மலை மருத்துவர்களின் பொதுவான விதி. வழமையான திட்டம் இப்படி இருக்கும்: லுக்லாவிலிருந்து சற்று இறங்கி பாக்டிங் (2,610), பின் நாம்சேயில் இரண்டு இரவு, தெங்போச்சே (3,860), டிங்போச்சேயில் (4,410) இரண்டு இரவு, லோபுச்சே (4,940), கோரக்‌ஷெப் (5,164). பாக்டிங்கிலிருந்து நாம்சேக்கு ஒரே நாளில் 830 மீற்றர் கூடுகிறது. அதனால்தான் அங்கே இரண்டு இரவு. அந்த இரண்டாம் நாளை ‘ஓய்வு நாள்’ என்று எழுதியிருப்பார்கள். உண்மையில் அன்று பகலில் 3,880 மீற்றர் வரை ஏறிவிட்டுத் தூங்குவதற்கு நாம்சேக்கே திரும்பவேண்டும். லுக்லாவிலிருந்து போய்த் திரும்ப இப்படியே ஏறத்தாழ 12 நாட்கள். காத்மண்டுவில் முன்னும் பின்னும் தங்கும் நாட்கள், லுக்லா விமானம் வானிலையால் தடைப்பட்டால் காத்திருக்கும் நாட்கள் எல்லாம் சேர்த்தால் 16, 17 நாட்கள் ஆகும். நெரிசலான மாதங்களில் லுக்லா விமானங்கள் காத்மண்டுவிலிருந்து அல்ல, நான்கைந்து மணித்தியாலப் பேருந்துப் பயணத்துக்கு அப்பாலுள்ள ராமேச்சாப்பிலிருந்து புறப்படும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

நம்மவர்களின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நடைக்கு நல்ல காலம் மார்ச் முதல் மே வரையும், செப்ரெம்பர் இறுதி முதல் நவம்பர் வரையும். ஏப்ரல் என்றால் புத்தாண்டு விடுமுறையும் சேர்ந்து வரும். வேலைக்குப் போகிறவருக்கு அதையும் வாரஇறுதிகளையும் சேர்த்து ஒன்பது, பத்து நாட்கள் தேறும். அந்தப் பத்து நாட்களுக்குள் அடங்கும்படி வெட்டிய திட்டத்தை விற்கவும் ஆளிருக்கிறது. எந்த நாட்களை வெட்டுவார்கள்? நாம்சேயின் இரண்டாம் இரவையும் டிங்போச்சேயின் இரண்டாம் இரவையும்தான். பார்ப்பவருக்கு அவை சும்மா இருக்கும் நாட்களாகத் தெரிகின்றன. இந்த இரண்டு இரவுகளும் இல்லாத திட்டத்தை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கவேண்டாம் என்பேன். பத்து நாட்கள்தான் இருக்கிறது என்றால் வேறு பாதையைத் தெரிவுசெய்யலாம். அன்னபூர்ணா பக்கம் பூன் ஹில் 3,210 மீற்றர். லாங்டாங் பள்ளத்தாக்கின் கியாஞ்சின் கொம்பா 3,870 மீற்றர். பூன் ஹில்லே நம் நாட்டின் உச்சியைவிட கிட்டத்தட்ட 700 மீற்றர் உயரம். முதல்முறை போகிறவருக்கு அது குறைவான உயரமல்ல.

வழிகாட்டிக்கு நாம் கொடுக்கும் பணம் பாதை காட்டுவதற்கானது மட்டுமல்ல. எவரெஸ்ட் பாதையில் தேநீர்க்கடைகளும் விடுதிகளும் வரிசையாக இருக்கின்றன. வழி தவறுவது அரிது. உங்கள் முகத்தைப் பார்த்து, நேற்றைய நடையையும் இன்றைய நடையையும் ஒப்பிட்டு, ‘இன்று ஏறவேண்டாம்’ என்று சொல்வதுதான் அவருடைய உண்மையான வேலை. கோட்டில் நடப்பதுபோல் குதிகாலும் விரலும் தொட நடக்கச் சொல்வார். தடுமாறினால் மூளை பாதிக்கப்படுகிறது என்று பொருள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரல். இரண்டுக்கும் முதல் மருந்து கீழே இறங்குவது, அது நள்ளிரவாக இருந்தாலும். குழுவில் ஒருவரை இறக்கவேண்டி வந்தால் மற்றவர்களுடன் யார் இருப்பார், உதவி வழிகாட்டி உண்டா, கையில் ஒக்சிசன் இருக்கிறதா, வழிகாட்டியிடம் அரச அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டவர் வழிகாட்டியின்றி நடக்கக்கூடாது என்று நேபாளம் விதித்தது. எவரெஸ்ட் அமைந்துள்ள கும்பு பகுதியின் உள்ளூராட்சி அதை நடைமுறைப்படுத்தவில்லை. விதி இருக்கிறதோ இல்லையோ, நம்மைப்போல் உயரமே காணாத ஊரிலிருந்து போகிறவருக்கு வழிகாட்டி அவசியம்.

திரும்புவதில் வெட்கம் எதுவுமில்லை. பெரியபுராணத்தில் கயிலைக்குப் புறப்பட்ட நாவுக்கரசர் கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பால் ஊர்ந்தும் போக முடியாமல், இடைவழியிலிருந்தே திருவையாற்றுக்குத் திருப்பி அனுப்பப்படுகிறார். இன்று கயிலை யாத்திரை போகும் நம்மவர்களும் இதே உயரக் கணக்கைப் பார்க்கவேண்டும். மானசரோவர் ஏரியே ஏறத்தாழ 4,590 மீற்றர். மலையைச் சுற்றிவரும் வழியில் உள்ள டோல்மா கணவாய் 5,600 மீற்றரைத் தாண்டும். ஹெலிகொப்டரிலும் வாகனத்திலும் வேகமாக ஏறுவதால் ஆபத்து கூடுகிறதே தவிர குறைவதில்லை.

வானிலையைப் பற்றிக் கண்டியில் இருப்பவர்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலைகளை என்ன செய்தது என்று பார்த்திருக்கிறோம். 2014 ஒக்ரோபர் 12ஆம் திகதி விசாகப்பட்டினத்தில் கரைகடந்த ஹுட்ஹுட் புயலும் நமது வங்காள விரிகுடாவில் உருவானதுதான். அதன் மிச்சம் இரண்டு நாட்களில் அன்னபூர்ணா பகுதியின் தோரோங் கணவாயில் (5,416 மீற்றர்) பனிப்புயலாகக் கொட்டியது. குறைந்தது 43 பேர் இறந்தார்கள். நடைக்கு மிகச் சிறந்த மாதம் என்று எல்லோரும் சொல்லும் ஒக்ரோபரில்தான் அது நடந்தது. ஆகவே திட்டத்தில் இரண்டு நாட்களை வெறுமையாக விட்டுவைப்பது ஆடம்பரமல்ல.

இனி, உங்கள் பையை யார் சுமப்பது என்பது. நேபாளச் சுமைதூக்கிகள் மூங்கில் கூடையை ‘நாம்லோ’ என்ற பட்டியால் நெற்றியில் தாங்கிச் சுமக்கிறார்கள். தலையில் மாட்டிய கயிற்றில் கொழுந்துப் பாரம் தொங்க மலை ஏறும் பெண்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் காட்சி புதிதல்ல. அந்தக் கழுத்துக்கு என்ன ஆகும் என்றும் தெரியும். அவர்கள் எல்லோரும் உயரத்தில் பிறந்த ஷேர்பாக்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பலர் தாழ்ந்த பள்ளத்தாக்குகளிலிருந்து வேலைதேடி வரும் ராய், தமாங் இனத்தவர்கள். உயர நோய் அவர்களையும் நம்மைப்போலவே தாக்கும். 1997இல் ஓர் இளம் சுமைதூக்கி அப்படி இறந்த பிறகே சர்வதேசச் சுமைதூக்கிகள் பாதுகாப்புக் குழு உருவானது. ஒருவருக்கு 30 கிலோவுக்கு மேல் சுமை கூடாது. இரண்டு பயணிகளுக்கு ஒரு சுமைதூக்கி என்றால், ஒவ்வொருவரும் 12 கிலோவுக்குள் கட்டுங்கள். அவருடைய சொந்தப் பொருளும் அந்த 30க்குள் அடங்கவேண்டும். அவருக்குக் காப்புறுதி உண்டா, குளிர் உடை யார் கொடுப்பது, நோயுற்றால் தனியாக இறக்கி அனுப்புவார்களா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், உங்களுக்கு ஏதாவது நடந்தாலும் அதே மழுப்பல்தான் கிடைக்கும்.

உங்கள் காப்புறுதியையும் வரிக்கு வரி வாசிக்கவேண்டும். சாதாரணப் பயணக் காப்புறுதிகள் பல, குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் நடப்பதை விலக்கியிருக்கும். 6,000 மீற்றர் வரையான நடையும் ஹெலிகொப்டர் மீட்பும் உள்ளடங்கும் என்று எழுத்தில் இருக்கவேண்டும். தேவையில்லாமல் ஹெலிகொப்டர் அழைத்துக் காப்புறுதிப் பணம் பறிக்கும் கூட்டு இருப்பதை 2018இல் நேபாள அரசின் விசாரணையே வெளிக்கொண்டுவந்தது. லேசான தலைவலிக்கே ஹெலிகொப்டர் என்று யாராவது அவசரப்படுத்தினால், நடந்து இறங்க முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

பணத்தில் ஒரு சலுகை நமக்கு உண்டு. சார்க் நாட்டவர் என்பதால் ஆண்டின் முதல் 30 நாள் நேபாள விசா இலவசம். சாகர்மாதா தேசியப் பூங்காவின் நுழைவுக் கட்டணமும் மற்ற வெளிநாட்டவருக்கு 3,000 நேபாள ரூபாய் என்றால் நமக்கு 1,500, வரி தனி. நிறுவனம் உங்களிடம் முழுக் கட்டணத்தை எழுதியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். தடித்த குளிர் அங்கியும் தூக்கப் பையும் இங்கே தேடி அலையத் தேவையில்லை. காத்மண்டுவின் தாமெல் பகுதியில் வாடகைக்கே கிடைக்கும். உணவு பருப்பும் சோறும்தான், நமக்கு ஒத்துவரும். நாம்சேக்கு மேல் இறைச்சியைத் தவிர்ப்பது நல்லது. கும்புவில் உயிர் கொல்வதில்லை; இறைச்சி கீழேயிருந்து நாட்கணக்கில் சுமந்து வரப்படுவது.

புறப்படுவதற்கு ஓரிரு மாதம் முன்னதாக வைத்தியரைப் பாருங்கள். இதயம், ஆஸ்துமா, இரத்த அழுத்தம், கர்ப்பம் எதையும் மறைக்கவேண்டாம். உயர நோயைத் தடுக்க அசெற்றசோலமைட் மாத்திரையைப் பலர் எடுக்கிறார்கள். அது உடல் பழகுவதற்கு உதவும். வெட்டிய நாட்களுக்கு ஈடாகாது. சல்பா மருந்துகள் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். மேலே பெரிச்சேயில், 1973இல் தொடங்கப்பட்ட இமயமலை மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் இருக்கிறது. நடைக்காலங்களில் பிற்பகல் வேளையில் அங்கே வைத்தியர்கள் உயர நோய் பற்றி விளக்கம் கொடுப்பார்கள். டிங்போச்சேயில் தங்கும் அந்த இரண்டாம் நாளில் நடந்துபோய்க் கேட்டுவிட்டு வரலாம்.