முகமும் முகவரியும் – 7: பிள்ளையைத் தேட வந்த கெமரா

போன வாரம் கைரேகை இயந்திரத்தைப் பார்த்தோம். அதற்காவது நாமே விரலைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். முகத்துக்கு அதுகூடத் தேவையில்லை. தேர் பார்க்க நிற்பவரையும் மே தின ஊர்வலத்தில் நடப்பவரையும் தூரத்திலிருந்தே கெமரா பிடித்துவிடும். மென்பொருள் அந்த முகத்தின் அமைப்பை எண்களாக மாற்றி, தன்னிடமுள்ள பட்டியலோடு ஒப்பிட்டு, ஆளைச் சொல்லும்.

பொகவந்தலாவைப் பக்கம் இது வருவதாக இருந்தால் நல்ல காரியத்தின் பெயரில்தான் வரும். சிவனொளிபாதமலை சீசனில், போயா நாள் இரவில், நல்லதண்ணியிலிருந்து மேலே ஏறும் நெரிசலில் ஒரு பிள்ளையின் கை நழுவினால் பெற்றவர்கள் படும் பாட்டை நாம் அறிவோம். அந்தப் பிள்ளையைக் கெமரா கண்டுபிடித்துத் தருமென்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

டில்லிக்கும் அது அப்படித்தான் வந்தது. காணாமல்போன பிள்ளைகள் பற்றிய வழக்கு உயர் நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தபோது, 2018-இல் டில்லி பொலிஸ் முகம் அறியும் மென்பொருளை வாங்கியது. அதன் துல்லியம் நூற்றுக்கு இரண்டுதான் என்று அந்த ஆண்டே நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. மறு ஆண்டு அது ஒன்றுக்கும் கீழே போனது. ஆண் பிள்ளையையும் பெண் பிள்ளையையும்கூட அதற்குப் பிரித்தறியத் தெரியவில்லை.

ஆனாலும் அதைக் கைவிடவில்லை. 2019 டிசம்பர் 22, ராம்லீலா மைதானத்தில் பிரதமர் மோடியின் கூட்டம். குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக நாடே கொந்தளித்துக்கொண்டிருந்த நேரம். போராட்டங்களில் பொலிஸார் எடுத்த வீடியோக்களில் இருந்த முகங்களை, மைதானத்துக்குள் நுழைந்தவர்களின் முகங்களோடு ஒப்பிட்டார்கள் என்று ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ எழுதியது. பிள்ளைகளைத் தேட வாங்கிய கருவி, குடியுரிமைக்காகத் தெருவில் இறங்கியவர்களைத் தேடியது. 1948-இல் குடியுரிமையைப் பறிகொடுத்த நமக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

பிரித்தானியாவின் கார்டிஃப் நகரில் 2017-இல் சம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி நடந்தபோது அங்குள்ள பொலிஸின் கெமராக்கள் 2,470 தடவை ‘ஆள் இவர்தான்’ என்றன. அவற்றில் 2,297 தவறு. அதே ஊர்க்காரர் எட் பிரிட்ஜஸ் வழக்குப் போட்டார். 2020 ஆகஸ்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் பொலிஸ் செய்தது சட்டவிரோதம் என்றது. யாரைப் பட்டியலில் போடுவது, கெமராவை எங்கே வைப்பது என்பதெல்லாம் பொலிஸாரின் விருப்பத்துக்கே விடப்பட்டிருந்தது. மென்பொருள் இனத்தாலோ பாலாலோ பாகுபாடு காட்டுகிறதா என்று சரிபார்க்கவும் இல்லை.

இனி நம் கதைக்கு வருவோம். 2018 ஒக்டோபர் 24 அன்று ஆயிரம் ரூபாய் சம்பளம் கேட்டு மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் காலிமுகத்திடலில் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். கொழும்பில் கடைகளில் வேலை செய்பவர்கள் அதில் நிறையப் பேர். ஒவ்வொரு முகத்துக்கும் பெயரும் ஊரும் அன்றே எழுதப்பட்டிருந்தால், மறுநாள் வேலை இருக்குமா என்ற பயத்தில் எத்தனை பேர் வராமலே இருந்திருப்பார்கள்! கூட்டத்தில் ஒருவராக நிற்க முடிகிறது என்பதுதான் எளியவரின் துணிச்சல்.

2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல் அடையாளத் தரவுகளை விசேட பாதுகாப்புக்குரியவை என்கிறது. அந்தச் சட்டம் நம் ஊரிலும் செல்லுபடியாக வேண்டுமென்றால் கெமரா பூட்டும் முன்பே நாம் கேட்க வேண்டும். யாருடைய முகம் பட்டியலில் இருக்கும்? பொருந்தாத முகங்களை உடனே அழிப்பார்களா? தோட்ட நிர்வாகத்தின் கைக்கு அது போகாது என்று யார் எழுதித் தருவார்கள்? பிள்ளையைத் தேட என்றால் பிள்ளையைத் தேட மட்டும்தான் என்று எழுத்தில் வர வேண்டும். கோயில் கமிட்டியும் தொழிற்சங்கத் தலைவர்மாரும் இந்தக் கேள்விகளோடு மேசையில் உட்காராமல் எந்தக் கெமராவுக்கும் சம்மதம் கொடுக்கக் கூடாது.

அடுத்த வாரம்: முகம், கருவிழி, கைரேகை மூன்றையும் கேட்கும் டிஜிட்டல் அடையாள அட்டை.