உளநூலும் நிறவேற்றுமையும்

உடல் நோயை அறிய நாடியுண்டு. உள்ளத்து நோய்க்கோ நோயாளியின் சொல்லும் செயலுமே பெரும்பாலும் சான்றாம். ஆகலின், காண்போன் மனத்துக் கோட்டம் காணப்படுவோன்மேல் நோயாக ஏற்றப்படுதல் எளிது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கறுப்பின மக்கள் இவ்வாறு பட்ட துன்பத்தை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

1840-ஆம் ஆண்டுக் குடிமதிப்புக் கணக்கில், வடமாநிலங்களில் உரிமையுடன் வாழ்ந்த கறுப்பினத்தாரிடையே பித்தர் தொகை, தென்னாட்டு அடிமைகளிடையே இருந்ததினும் பன்மடங்கு மிகுதியெனக் குறிக்கப்பட்டது. உரிமை இவர்க்கு ஆகாதென அடிமைமுறையை ஆதரித்தோர் இதனைக் காட்டி வாதித்தனர். எட்வர்டு ஜார்விஸ் என்னும் மருத்துவர் ஆராய்ந்தபோது, கறுப்பினத்தார் ஒருவரேனும் இல்லாத ஊர்களிலும் அவ்வினப் பித்தர் எண்ணப்பட்டிருந்தமை வெளியாயிற்று. ஜேம்ஸ் மெக்கூன் ஸ்மித் என்னும் கறுப்பின மருத்துவரும் மறுத்தெழுதினார். கணக்கோ திருத்தப்படவில்லை.

1851-இல் சாமுவேல் கார்ட்ரைட் என்னும் தென்னாட்டு மருத்துவர், அடிமைகள் தப்பியோடுவதை ஒரு மனநோயென்று கூறி, அதற்கு 'டிராப்டோமேனியா' எனப் பெயருமிட்டார். அவர் வகுத்த தடுப்பு முறைகளுள் கசையடியும் ஒன்று! விலங்கை வெறுப்பது நோயாமோ? விலங்கிட்டவன் நெஞ்சை அம்மருத்துவர் ஆராய்ந்தாரல்லர்.

இந்நூலையே நேரிய வழியில் ஆண்டோரும் உளர். கறுப்பின உளநூலாரான கென்னத் கிளார்க்கும் அவர்தம் மனைவியார் மேமி கிளார்க்கும், நிறத்தாலன்றி வேறுபாடில்லாப் பொம்மைகளை மூன்று முதல் ஏழு வயதுடைய கறுப்பினச் சிறார்முன் வைத்து வினவினர். பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையே நல்லதென்றனர். 'உன்னைப் போன்றது எது?' என்றபோது சிலர் அழுதனர். கிளார்க் இணையர் குழவிகளிடம் குறை காணவில்லை. குழவிகளைப் பிரித்து வைத்த சமூகத்திடமே கண்டனர். 1946-இல் நியூயார்க்கு நகரத்து ஹார்லெம் பகுதியில் சிறுவர்க்கென ஒரு மனநல நிலையமும் நிறுவினர். பள்ளிகளில் நிறம்பற்றிப் பிரித்தல் முறையன்றென்று 1954-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இவ்வாராய்ச்சியையும் சுட்டிற்று.

2021-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்க உளநூற் கழகம், இனவேற்றுமையை வளர்த்ததில் தனக்கிருந்த பங்கிற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல் மனந்திரும்புதலின் முதற்படியே என்பதை நாம் அறிவோம். கனி பின்னர்த் தோன்றல் வேண்டும். நோயின் முதலை நாடுவோர், நோயாளியின் உள்ளத்தோடு அவன் வாழும் வாழ்வையும் நாடுவாராக. அதற்கு முன்னர்த் தம் கண்ணையும் சோதித்துக்கொள்வாராக.