கோட்டைக்கு முன்னால் ஓர் ஊர்

தரங்கம்பாடிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பார்த்துவிட்டுப் போவது இரண்டைத்தான்: டேனிஷ் கோட்டை, அதன் பின்னால் இருக்கும் கடல். வண்டி நகர வாயிலுக்குள் நுழைந்து, ராஜ வீதியில் நேராக ஓடி, கோட்டை மைதானத்தின் ஓரத்தில் நிற்கிறது. உள்ளே இருக்கும் அருங்காட்சியகத்தை ஒரு சுற்று சுற்றி, மதில்மேல் நின்று படம் எடுத்துக்கொண்டு, அலையில் கால் நனைத்துவிட்டு, பூம்புகாருக்கோ வேளாங்கண்ணிக்கோ கிளம்பிவிடுகிறார்கள். வாயிலிலிருந்து கடற்கரை வரை ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் இருக்கும். வண்டியின் கண்ணாடி வழியாக ஒரு நிமிடத்தில் கடந்துபோகிற அந்த அரைக் கிலோமீட்டரிலும், அதன் இருபுறம் பிரியும் தெருக்களிலும்தான் தரங்கம்பாடியின் வரலாறு கோட்டையில் இருப்பதைவிட அதிகமாக இருக்கிறது. அது நடக்கிறவருக்கு மட்டுமே அகப்படுகிற வரலாறு. ஏனென்றால் அது எந்த ஒரு கட்டடத்திலும் முழுதாக இல்லை. ஒரு கட்டடத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரத்தில், வரிசையில், வேறுபாட்டில் இருக்கிறது.

முதலில் கோட்டை சொல்லும் கதையைப் பார்ப்போம். 1616இல் டென்மார்க்கில் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கப்பட்டது. அதன் சார்பில் ஓவே யெத்தே என்ற கப்பற்படைத் தளபதி கடல் தாண்டி வந்து, 1620 நவம்பரில் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். ஆண்டுக்கு 3,111 ரூபாய் கட்ட வேண்டும். பதிலுக்குக் கோட்டை கட்டி வணிகம் செய்யலாம். டான்ஸ்பர்க் கோட்டை எழுந்தது. கதை இத்தோடு நின்றால், தூரதேசத்து அரசன் ஒருவன் தன் பணத்தில் இங்கே ஊர் அமைத்தான் என்றுதான் தோன்றும். ஆனால் கோட்டைக்கு வெளியே ஊரைச் சுற்றி ஒரு மதில் எழுந்ததே, அது எப்போது எழுந்தது என்று கேட்டால் கதை மாறிவிடுகிறது. 1639க்குப் பிறகு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. பணமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. எஞ்சியிருந்த சில டேனியர்களுக்குத் தலைவராக எஸ்கில் கொங்ஸ்பாக்கே என்பவர் கோட்டையைக் காத்துவந்தார். வங்காளக் கப்பல்களைக் கடலில் மடக்கிக் கிடைத்த பொருளையும், ஊரில் வசூலித்த வரியையும் வைத்துக் காலம் தள்ளினார். தஞ்சைப் படைக்கு அஞ்சி ஊர் மதிலை எழுப்பியது அவர் காலத்தில்தான், 1660களில். ஆக, கோட்டை கோபன்ஹேகனின் பணத்தில் வந்தது என்றால், ஊர் இங்கே வாழ்ந்தவர்களின் உழைப்பில் வந்தது. இன்று மதில் அநேகமாக மறைந்துவிட்டது. இருந்தாலும் நகர வாயிலைத் தாண்டியதும் தெருக்கள் நூல் பிடித்தாற்போல நேராகிவிடுவதில் அதன் எல்லை தெரிகிறது. 1733இல் டிரெல்லுண்ட் என்பவர் வரைந்த நகர வரைபடம் இருக்கிறது. அதிலுள்ள ராஜ வீதி, ராணி வீதி ஆகியவற்றில் இன்றும் வழி தவறாமல் நடக்கலாம்.

ராஜ வீதியில் இரண்டு தேவாலயங்கள், சில நிமிட நடைத் தூரத்தில். 1701இல் கட்டிய சீயோன் ஆலயம் கம்பெனியின் ஐரோப்பியர்களுக்கானது. 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கானது. இவ்வளவு சின்ன ஊருக்கு ஒரே சபையின் இரண்டு ஆலயங்கள் எதற்கு என்ற கேள்வி, தெருவில் நிற்கும்போதுதான் எழும். புதிய ஆலயத்தை எழுப்பிய மிஷனரி சீகன்பால்க் 1706 ஜூலையில் வந்து இறங்கியவர். அவரை அனுப்பியது டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக். கம்பெனி ஆளுநருக்கோ அவர் வருகை பிடிக்கவில்லை. 1708இல் அவரைப் பிடித்துக் கோட்டையில் சில மாதங்கள் சிறை வைத்தார். பத்தாண்டு கழித்து எழுந்த புதிய ஆலயத்தின் முகப்பில் அரச முடியும் அரசரின் பெயர் முத்திரையும் இருக்கின்றன. ஆளுநர் அந்த வழியே போகும்போதெல்லாம் கண்ணில் பட வேண்டும் என்றே வைத்ததுபோல எனக்குப் படுகிறது. உள்ளே எல்லோரும் சமமாக இருந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். சாதிவாரியாகத் தனித்தனியே அமரும் வழக்கம் இந்தச் சபைக்குள்ளும் புகுந்திருந்தது. சீகன்பால்க் தொடங்கிய அச்சுக்கூடத்தைப் பற்றியும் ஒரு திருத்தம் சொல்லிவிடலாம். தமிழ் அச்சு தரங்கம்பாடியில் பிறந்ததாகச் சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. 1578இலேயே கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாகிவிட்டது. தரங்கம்பாடியின் சிறப்பு வேறு. 1713 முதல் அச்சு இங்கே தொடர்ந்து நடக்கும் தொழிலாயிற்று. தமிழ்ப் புதிய ஏற்பாடு இங்கே அச்சேறியது. காகிதத்துக்காகப் பக்கத்துப் பொறையாறில் ஓர் ஆலையும் ஏற்பட்டது.

தேவாலயங்களைவிட வீடுகள் சொல்வது சுவையானது. ராஜ வீதியில் தூண்கள் வைத்த உயர்ந்த முகப்புகள் வரிசையாக வருகின்றன. ஆளுநர் மாளிகை பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கட்டியது. இப்போதுள்ள நகர வாயில் 1792இல் கட்டியது. மற்றப் பெரிய வீடுகளின் சாயலும் ஏறக்குறைய அதுவே. நூறாண்டுக்கு மேல் அடக்கமாக இருந்த ஊருக்குத் திடீரென்று எங்கிருந்து வந்தது இவ்வளவு செல்வம்? 1778 முதல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்ட காலத்தில் டென்மார்க் எந்தப் பக்கமும் சேரவில்லை. போரிடுகிறவர்களின் கப்பல்கள் பிடிபட்டன; நடுநிலை நாட்டின் கொடி பறந்த கப்பல்கள் தப்பின. சரக்கெல்லாம் டேனியக் கப்பல் தேடி வந்தது. ஆங்கிலக் கம்பெனியின் ஊழியர்கள் இந்தியாவில் சேர்த்த பணத்தைத் தங்கள் கம்பெனிக்குத் தெரியாமல் ஐரோப்பாவுக்கு அனுப்பவும் இந்தக் கப்பல்களே வசதியாக இருந்தன. அந்த வகையில் இந்தத் தூண்களில் ஓரளவு ஆங்கிலேயரின் கள்ளப் பணமும் இருக்கிறது. அடுத்தடுத்த வீடுகளின் வயதை ஒப்பிட்டுக்கொண்டே நடந்தால்தான் இந்தக் கணக்கு பிடிபடும். ராஜ வீதியிலிருந்து பொற்கொல்லர் தெருவுக்குத் திரும்பினால் காட்சி மாறுகிறது. தாழ்ந்த ஓட்டுக்கூரை, மரத்தூண், திண்ணை. தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகள். ஆனாலும் இரண்டும் முற்றிலும் வேறல்ல. ஐரோப்பியர் வீட்டுத் தாழ்வாரம் தெருவைப் பார்த்திருக்கிறது. தமிழர் வீட்டுத் திண்ணையும் தெருவைப் பார்த்திருக்கிறது. இரண்டுக்கும் சுட்ட செங்கல், சுண்ணாம்புச் சாந்து. கட்டியவர்கள் இந்தப் பக்கத்துக் கொத்தனார்கள்தானே.

இவ்வளவும் எப்படித் தப்பியது? அன்பினால் அல்ல, வறுமையினால். 1845இல் டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்காளத்தின் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றது. தஞ்சை மாவட்டத்தின் கலெக்டர் அலுவலகம் சில காலம் இங்கே இருந்தது. 1860இல் அதுவும் தஞ்சாவூருக்குப் போயிற்று. அடுத்த ஆண்டே ரயில் வந்தது, தரங்கம்பாடிக்கு அல்ல, நாகப்பட்டினத்துக்கு. துறைமுக வணிகம் ரயிலைத் தேடிப் போய்விட்டது. பின்னாளில் மாயவரத்திலிருந்து ஒரு கிளைப்பாதை போட்டார்கள். அதுவும் 1980களில் நின்றுபோனது. பேருந்து நிலையமும் கடைத்தெருவும் பொறையாறில் வளர்ந்தன. பழைய ஊருக்குள் இடிப்பதற்கும் அடுக்குமாடி எழுப்புவதற்கும் யாருக்கும் காரணமில்லாமல் போயிற்று. வணிகம் வென்ற நாகப்பட்டினத்தில் டச்சுக்காரரின் கோட்டையைத் தேடினால் கிடைக்காது. கோட்டைகூட இங்கே தப்பியது சுற்றுலா மாளிகையாகப் பயன்பட்டதால்தான். மாநிலத் தொல்லியல் துறை அதை ஏற்றது 1978இல். ஆகவே தெருவில் தென்படும் காலி மனைகளையும் பூட்டிய கதவுகளையும் அலட்சியமாகக் கடந்துவிடக் கூடாது. விட்டுப்போனவர்களின் தடம் அவை. முகப்புகளைப் போலவே அவையும் சான்றுகள்தாம்.

இப்படித் தெருக்களில் நடந்து பார்ப்பதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. காலனியக்காரன் போட்ட தெருவை எதற்குக் கொண்டாட வேண்டும் என்பார்கள். டேனியர்கள் யோக்கியர்களும் அல்ல. இந்தத் துறைமுகத்திலிருந்து அவர்கள் அடிமைகளை விற்றிருக்கிறார்கள். மறுப்பு நியாயமானது, ஆனால் அது குறிவைக்க வேண்டியது கோட்டையை மட்டும் பார்த்துவிட்டுப் போகும் பழக்கத்தை. கோட்டையில் நிற்பவருக்கு வரலாறு 1620இல் தொடங்குகிறது. அங்கிருந்து வடக்கே கரையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. டேனியர் வருவதற்கு முந்நூறு ஆண்டுக்கு முன்பே இது துறைமுகம் என்பதற்கு அந்த இடிபாடு போதும். மதிலுக்குள்ளேயே பள்ளிவாசல் உண்டு. ஐரோப்பியர்களின் எண்ணிக்கை ஒருபோதும் சில நூறைத் தாண்டியதில்லை. மற்ற எல்லோரும் தமிழர்கள், மரக்காயர்கள், கலப்பு வம்சத்தார். ‘டேனியர் ஊர்’ என்ற பட்டத்தை மறுக்க இந்தத் தெருக்களைவிட நல்ல சாட்சி இல்லை.

வெயிலில் யார் நடப்பது என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. காலை எட்டு மணிக்குள் நடக்கலாம். மழை ஓய்ந்த தை, மாசி இன்னும் நல்லது.

அடுத்த கேள்வி கடினமானது. நடக்க ஆள் வந்தால் தங்கும் விடுதி வரும், வீட்டு விலை ஏறும், குடியிருப்பவர்கள் வெளியேற வேண்டிவரும் என்ற அச்சம். கடலைப் பார்த்த பங்களாக்களில் ஒன்று ஏற்கெனவே விடுதியாகிவிட்டது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இங்கே பெரும் உயிர்ப்பலி கொடுத்தவர்கள் பழைய ஊருக்கு வெளியே கடலோரத்தில் வாழ்ந்த மீனவர்கள். அதன் பிறகு மீட்புப் பணிக்கு வந்த பணத்தில் ஒரு பங்கு பழைய கட்டடங்களுக்கும் போனபோது, மனிதருக்கு முன்னால் சுவருக்கா என்ற கேள்வி எழுவது இயல்பே. இந்த அச்சத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் எதைக் காப்பாற்றுகிறோம் என்பதைப் பொறுத்தது விளைவு. ஆளுநர் மாளிகை போன்ற ஒரு கட்டடத்தைப் பளபளப்பாக்கினால் பயன் டிக்கெட் வாங்குகிறவருக்கு. இன்டாக் என்ற மரபுக் காப்பு அமைப்பு பொற்கொல்லர் தெருவில் சில சாதாரண ஓட்டு வீடுகளைச் சீரமைத்தது. அது வேறு வழி. சுண்ணாம்பு அரைக்கவும் மரச்சட்டம் மாற்றவும் தெரிந்த கைகளுக்கு அங்கே வேலை கிடைக்கிறது. அதே வேலையை மக்கள் குடியிருக்கும் வீடுகளிலும் செய்தால், வீட்டுக்காரர் வீட்டை விற்காமல் அதிலேயே இருக்க வழி பிறக்கிறது.

சட்டம் இதுவரை இந்தப் பக்கம் வலுவாக நிற்கவில்லை. கோட்டைக்குத் தொல்லியல் துறையின் காப்பு உண்டு. திண்ணை வீட்டுக்கு அப்படி ஏதுமில்லை. மேல்தளத்தில் கான்கிரீட் போடுவது சுண்ணாம்புக் காரையைப் பழுதுபார்ப்பதைவிட மலிவு என்றால், குடும்பம் வளரும்போது வீட்டுக்காரர் கான்கிரீட்டைத்தான் தேர்ந்தெடுப்பார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. தொல்லியல் துறையின் பட்டியலுக்கு வெளியே உள்ள கட்டடங்களையும் மனதில் வைத்துத் தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டது. தனித்தனிக் கட்டடங்களைப் பட்டியலிடுவதோடு அது நிற்காமல் தெருவை முழுதாக ஓர் அலகாகக் கொள்ள வேண்டும். காரைக்கும் கான்கிரீட்டுக்கும் இடையிலான விலை வித்தியாசத்தை வீட்டுக்காரருக்கு மானியமாகக் கொடுக்க வேண்டும். ராஜ வீதியை விட்டுவிட்டுப் பொற்கொல்லர் தெருவிலிருந்து தொடங்கினால் செலவும் குறைவு.