கஃபீன் எந்தக் கோப்பையில்?

காபி, தேயிலை முதலிய தாவரங்கள் தம்மைத் தின்னும் பூச்சிகளிடமிருந்து காத்துக்கொள்ள உருவாக்கும் கசப்பான வேதிப்பொருளே கஃபீன். ஜெர்மானிய வேதியியலாளர் ருங்க 1819இல் காபிக்கொட்டையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். விழித்திருக்கும் நேரம் நீள நீள மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்து உறக்கத்தை வரவழைக்கும். அது சென்று பற்ற வேண்டிய இடங்களைக் கஃபீன் அடைத்துக்கொள்வதால், களைப்பு நீங்காமலேயே களைப்புணர்வு மட்டும் மறைகிறது. உட்கொண்ட கஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கப் பெரும்பாலோருக்குச் சுமார் 5 மணி நேரமும் கருவுற்ற பெண்களுக்கு அதைவிட மிகுதியான நேரமும் ஆகும். நலமுள்ள பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராமும் கருவுற்றோருக்கு 200 மில்லிகிராமும் வரம்பு என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் வகுத்தது.

நிறத்தையும் கசப்பையும் கொண்டு கஃபீனை அளப்பது பயன் தராது. ரொபஸ்டா கொட்டையில் அராபிகாவைப் போல ஏறக்குறைய இரு மடங்கு கஃபீன் உண்டு. டிகாக்‌ஷனுக்குக் கருமையும் கெட்டித்தன்மையும் தரும் சிக்கரியோ, ஒரு செடியின் வேரை வறுத்து அரைத்த தூளாதலால், கஃபீன் அறவே இல்லாதது. சிக்கரி என்றாலே முகம் சுளிக்கும் காபிப் பிரியர்கள் இதை ஏற்கத் தயங்கக்கூடும்.

கிரீன் டீயைப் பற்றிய நம்பிக்கை இன்னும் பிழையானது. பச்சைத் தேயிலையும் கறுப்புத் தேயிலையும் ஒரே செடியின் இலைகளே, பதப்படுத்தும் முறைதான் வேறு என்பதால், உடலுக்கு நல்லதென்று மாலையில் கிரீன் டீக்கு மாறுகிறவர் கஃபீனிலிருந்து விடுபட்டவர் ஆகார். இஞ்சியோ ஏலக்காயோ தட்டிப் போட்டாலும் டீ டீதான். கஃபீன் நீக்கிய காபியிலும் சிறிதளவு எஞ்சவே செய்யும். கோகோ சேர்ந்த சத்து பானங்களிலும் கொஞ்சம் இருக்கும்.

முற்றிலும் தவிர்க்க விரும்புவோருக்குத் தமிழ்நாட்டு அடுக்களையிலேயே போதிய வழிகள் உள்ளன. சுக்கு, மல்லி, மிளகு ஆகியவற்றைப் பொடித்துக் கருப்பட்டியுடன் கொதிக்கவைக்கும் சுக்குமல்லிக் காபி, சீரகத் தண்ணீர், ஆவாரம்பூக் கஷாயம், மஞ்சள் பால், கேழ்வரகுக் கஞ்சி ஆகிய எதிலும் கஃபீன் கிடையாது. எனினும் சுக்குக் காபியில் சிலர் காபித்தூளும் சேர்ப்பதுண்டு என்பதால், கடையில் கேட்டு வாங்குவதே நல்லது. மூலிகைத் தேநீர் என்று விற்கப்படும் பொட்டலங்களிலும் சேர்பொருள் பட்டியலில் தேயிலை இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

நாள்தோறும் பலமுறை காபி குடித்துப் பழகியவர் ஒரேயடியாக நிறுத்தினால், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலியும் சோர்வும் தொடங்கிச் சில நாள்கள் நீடிக்கலாம். அத்தகையோர் முதலில் மாலைக் காபியை மட்டும் மாற்றி, காலைக் காபிக்குரிய தூளில் சிக்கரியின் பங்கை வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டிவந்தால், பழகிய கசப்பை இழக்காமலேயே கஃபீனைக் குறைத்துவிடலாம்.